லொக் பெருகுகிறது, துப்புரவு நடக்கவில்லை: டிரெக்டரி சேர்வரில் காரணத்தைத் தேடிப் பிடிக்கும் முழு வழிகாட்டி

"அண்ணை, பழைய ஆக்கள் எல்லாருக்கும் லொகின் ஆகுது. புதுசா வந்த பெடியனுக்கு மட்டும் பாஸ்வேர்ட் மாத்த ஏலாமல் கிடக்கு. எண்பது எண்டு ஒரு பிழை காட்டுது."

மாங்குளத்தில் இருக்கும் எங்கள் கிளையிலிருந்து ஒரு காலை வந்த அழைப்பு இது. நான் கிளிநொச்சியில் ஒரு பயிற்சி நிலையத்தின் கணினிக் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். பயனர் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் ஓரிடத்தில் வைத்திருக்கும் டிரெக்டரி சேர்வரான ஓப்பன்எல்டாப் இங்கே முதன்மைச் சேர்வரில் ஓடுகிறது. மாங்குளம், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புக் கிளைகளில் அதன் நகல்கள் இருக்கின்றன.

தம்பி சொன்னதிலேயே பாதிக் காரணம் வெளிவந்துவிட்டது. வாசிப்பது நடக்கிறது, எழுதுவதுதான் நடக்கவில்லை என்றால் சேர்வர் சாகவில்லை, அதற்கு எழுத இடமில்லை. 80 என்பது எல்டாப்பில், அதாவது டிரெக்டரியோடு பேசும் நெறிமுறையில், "வேறு ஏதோ பிழை" என்பதற்கான எண். உண்மைக் காரணம் சேர்வரின் லொக்கில்தான் இருக்கும். அங்கே பார்த்தேன்: எம்டிபி மேப் ஃபுல், சுற்றுச்சூழலின் மேப் அளவு எல்லையைத் தொட்டுவிட்டது, எண் கழித்தல் 30792. எம்டிபி என்பது ஓப்பன்எல்டாப் தன் தரவை வைக்கும் தரவுத்தளம், மேப் அளவு என்பது அது வளரக்கூடிய உச்ச அளவு.

இந்த நேரத்தில் பலரும் செய்வது, பெரிய கோப்பாகப் பார்த்து அழிப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லொக் தானாகத் துப்புரவாகவில்லை என்றால் ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்திருப்பது எது என்று தெரியாமல் அழித்தால் தரவுத்தளமும் சேர்ந்து போகலாம்.

இரணைமடுக் குளத்தில் தண்ணீர் ஏறும்போது இரண்டைத்தான் பார்ப்போம்: வான்கதவு திறக்கிறதா, மேலே கனகராயன் ஆறு எவ்வளவு கொண்டுவருகிறது. இங்கும் அதே இரண்டு கேள்விதான். முதலில் கதவு, அதாவது துப்புரவு நடக்கிறதா என்பது. பிறகு ஆறு, அதாவது எவ்வளவு எழுதப்படுகிறது என்பது.

கட்டளைகளின் பெயரை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது வழமையான எழுத்தில் அடியுங்கள். எம்டிபி ஸ்டாட், டிபி ஆர்க்கைவ் போன்ற இரட்டைப் பெயர்களுக்கு இடையில் அடிக்கோடு வரும்.

படி 1: எந்த லொக் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டிரெக்டரி சேர்வரில் "லொக்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, யார் வந்தார், என்ன தேடினார் என்று மனிதர் வாசிக்க எழுதப்படும் சாதாரண எழுத்து லொக். இரண்டாவது, தரவுத்தளம் தன் பாதுகாப்புக்காக எழுதும் பரிவர்த்தனை லொக். எம்டிபிக்கு முந்திய பேர்க்லி டிபி என்ற தரவுத்தளம் ஓடும் பழைய சேர்வர்களில் லொக் என்ற பெயரோடு 10 இலக்க எண் சேர்ந்து நிற்பது இதுதான். மூன்றாவது, நகல் சேர்வர்களுக்கு மாற்றங்களைக் கொண்டுபோக வைத்திருக்கும் மாற்றப் பதிவு. ஓப்பன்எல்டாப்பில் இதற்கு அக்செஸ்லொக் என்று பெயர், அது தனியான ஒரு தரவுத்தளம். முதலாவதை வெட்டலாம். இரண்டாவதை ஒருநாளும் கையால் அழிக்கக் கூடாது. மூன்றாவதை அழித்தால் நகல்கள் வழி தவறும்.

டிஎஃப் கட்டளையால் டிஸ்கில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அதையே சிறிய ஐ சேர்த்து இன்னொரு தரம் அடியுங்கள், ஐநோட் (கோப்பு ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் ஒதுக்கும் பதிவு) முடிந்திருந்தாலும் "இடமில்லை" என்றுதான் சேர்வர் சொல்லும். பிறகு டியூ கட்டளையால் எந்த அடைவு பெரியது என்று பாருங்கள். டிஎஃப் 95 சதவீதம் என்கிறது, டியூ கூட்டினால் பாதிதான் வருகிறது என்றால், அழித்த கோப்பு ஒன்றை ஏதோ ஒரு செயலி இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு கூட்டல் குறி, பெரிய எல், 1 சேர்த்து அடித்தால் அந்தச் செயலி அகப்படும்.

எல்எஸ் காட்டும் அளவை மட்டும் நம்பாதீர்கள். எம்டிபியில் ரைட்மேப் என்ற தெரிவு போட்டிருந்தால் கோப்பு தொடக்கத்திலேயே முழு மேப் அளவில் தெரியும், டிஸ்கில் உண்மையில் எடுத்த இடம் அதில் சிறு பங்காக இருக்கும்.

படி 2: எழுத்து லொக்

இது இலகுவானது. எப்போதோ ஒரு பிழையைத் தேடப் போட்ட லொக் நிலை அப்படியே விடப்பட்டிருக்கும். நிலை "எனி" என்றிருந்தால் ஒவ்வொரு அசைவும் எழுதப்படும். அதை "ஸ்டாட்ஸ்", அதாவது 256-க்கு இறக்குங்கள். சிஸ்டத்தின் லொக்கைச் சேர்த்து வைக்கும் ஜேர்னல்டி பெருத்திருந்தால் ஜேர்னல்சிடிஎல் வாக்யூம் சைஸ் தெரிவால் 200 மெகாபைட்டுக்குக் குறைக்கலாம். பழைய லொக்கை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் லொக்ரொடேட் சுழற்றிய பிறகு, லொக்கை எழுதும் ஆர்சிஸ்லொக்குக்குச் சைகை போகிறதா என்பதையும் பாருங்கள், போகாவிட்டால் மேலே சொன்ன "அழித்தும் திறந்திருக்கும் கோப்பு" இங்கேதான் பிறக்கிறது.

டிஸ்க் முழுதாக நிரம்பியிருந்தால் இந்தப் படியை முதலில் முடியுங்கள். பின்னால் வரும் அமைப்பு மாற்றங்களை எழுதவும் கொஞ்சம் இடம் வேண்டும்.

படி 3: பேர்க்லி டிபி ஓடும் பழைய சேர்வர்

ஓப்பன்எல்டாப் 2.5 பதிப்பு 2021-இல் வந்தபோது பேர்க்லி டிபி ஆதரவு எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் 2.4 ஓடும் பெட்டிகள் நம் பக்கத்து அலுவலகங்களில் இன்னும் இருக்கின்றன. "ஓடுகிறதைத் தொடாதே" என்று விட்டிருப்பார்கள்.

ஒரு மாற்றம் வந்தால் பேர்க்லி டிபி முதலில் லொக்கில் எழுதும், பிறகு ஆறுதலாகத் தரவுக் கோப்பில் எழுதும். அப்படி எழுதி முடித்துவிட்டேன் என்று அது போடும் அடையாளம்தான் செக்பொயின்ட். செக்பொயின்டுக்கு முந்திய, ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பரிவர்த்தனைக்கும் தேவைப்படாத லொக் கோப்பைத்தான் அழிக்கலாம். கோப்பு ஒன்று இயல்பாக 10 மெகாபைட்.

டிபி ஆர்க்கைவ் கட்டளையைத் தரவுத்தள அடைவைக் காட்டி, வேறு எந்தத் தெரிவும் இல்லாமல் ஓட்டுங்கள். இனித் தேவைப்படாத லொக் கோப்புகளின் பட்டியல் வரும். பட்டியல் நீளமாக வந்தால் உங்கள் சேர்வரில் ஒரு நோயும் இல்லை, யாரும் கூட்டவில்லை, அவ்வளவுதான். சிறிய டி (டெலிட் என்பதன் முதலெழுத்து) சேர்த்து ஓட்டினால் கூட்டிவிடும். அடைவில் 60 கோப்பு கிடந்தும் பட்டியல் வெறுமையாக வந்தால், செக்பொயின்ட் நடக்கவில்லை.

அடுத்து டிபி ஸ்டாட், சிறிய டி (இது டிரான்சாக்சன் என்பதன் முதலெழுத்து). கடைசிச் செக்பொயின்டின் நேரமும், இப்போது உயிரோடு இருக்கும் பரிவர்த்தனைகளும் தெரியும். நேரம் பழையதாக இருந்தால் அமைப்புக் கோப்பில் செக்பொயின்ட் வரி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். "செக்பொயின்ட் 1024 5" என்று போட்டால் 1024 கிலோபைட் எழுதினாலோ 5 நிமிடம் கடந்தாலோ ஒரு செக்பொயின்ட் நடக்கும். உடனடியாக ஒன்று வேண்டுமென்றால் டிபி செக்பொயின்ட், கோடு 1. அதன் பிறகு ஆர்க்கைவை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

"புரோகிராம் பதிப்பு சூழலின் பதிப்போடு பொருந்தவில்லை" என்று வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஸ்லாப்டி, அதாவது ஓப்பன்எல்டாப்பின் சேர்வர் செயலி, எந்தப் பேர்க்லி டிபி பதிப்போடு கட்டப்பட்டதோ அதே பதிப்பின் கருவிகள்தான் வேண்டும். டெபியனில் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும்.

லொக்கைத் தானாக அழிக்கும் தெரிவும் டிபி கொன்பிக் கோப்பில் போடலாம். போட்டால், தரவுக் கோப்பே கெட்டுப்போகும் நாளில் பழைய பக்கப்பிலிருந்து லொக்கை ஓட்டி மீட்கும் வழி மூடிவிடும். தினமும் ஸ்லாப்கேட் (முழுத் தரவையும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கும் கட்டளை) எடுத்து வைப்பவர் இதைத் தாராளமாகப் போடலாம், மற்றவர்கள் போட வேண்டாம். சேர்வரை நிறுத்தி டிபி ரிகவர் ஓட்டிய பிறகுதான் இந்தக் கோப்பின் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் யூபிஎஸ் தாங்காமல் சேர்வர்கள் தொடர்ந்து விழுந்தன. ஒழுங்காக நிறுத்தினால் ஸ்லாப்டி தானே ஒரு செக்பொயின்ட் போட்டுவிட்டுப் போகும். கரண்டோடு விழுந்தால் போடாது, எழும்பும்போது அந்த லொக் முழுவதும் மீட்புக்குத் தேவைப்படும். அந்த நிலையில் லொக்கை ஆர்எம் போட்டு அழித்தவருக்குக் கிடைப்பது "பேனிக், ரன் ரிகவரி" என்ற செய்தி.

இந்தப் பெட்டிகளுக்கு நீண்டகால வழி ஒன்றுதான்: ஸ்லாப்கேட் எடுத்து, அதை ஸ்லாப்ஆட் கட்டளையால் எம்டிபியில் ஏற்றி மாறிவிடுங்கள்.

படி 4: எம்டிபியில் யார் பழைய பக்கத்தைப் பிடித்திருக்கிறார்கள்

எம்டிபிக்குப் பரிவர்த்தனை லொக்கே இல்லை. ஆகவே லொக் பெருகாது, தரவுக் கோப்புத்தான் பெருகும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

எம்டிபி ஒரு பக்கத்தை மாற்றும்போது பழையதன் மேலே எழுதாது. புதிய பக்கத்தில் நகல் எழுதிவிட்டுப் பழையதை வெற்றுப் பக்கங்களின் பட்டியலில் சேர்க்கும். அடுத்த முறை எழுதும்போது அந்தப் பக்கம் மீண்டும் பயன்படும். ஆனால் ஒரு வாசகர் (தரவை வாசிக்கும் ஒரு செயலி) பழைய நிலையை இன்னும் வாசித்துக்கொண்டிருந்தால், அவர் தொடங்கிய பின் விடுபட்ட எந்தப் பக்கத்தையும் தொட முடியாது. அவர் எழும்பும் வரை சேர்வர் புதிய பக்கங்களையே எடுத்துக்கொண்டு போகும்.

எம்டிபி ஸ்டாட் கட்டளையை சிறிய ஈ, சிறிய எஃப் சேர்த்து ஓட்டினேன். மேப் அளவு 1073741824 பைட். பக்கம் ஒன்று 4096 பைட், ஆக மொத்தம் 262144 பக்கம். பயன்படுத்தியது 262144, ஒன்றும் மிச்சமில்லை. கீழே வெற்றுப் பக்கங்கள் என்ற வரியில் 241000. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உண்மையான தரவு 21144 பக்கம், ஏறத்தாழ 86 மெகாபைட். ஒரு ஜிகாபைட் கோப்புக்குள் 86 மெகாபைட்தான் தரவு, மீதியெல்லாம் வெற்றுப் பக்கம், அப்படியிருந்தும் எழுத இடமில்லை என்கிறது.

அடுத்து சிறிய ஆர் சேர்த்து ஓட்டினால் வாசகர் அட்டவணை வரும். ஒவ்வொரு வாசகருக்கும் செயலி எண்ணும், எந்தப் பரிவர்த்தனை எண்ணில் நிற்கிறார் என்பதும் இருக்கும். கடைசிப் பரிவர்த்தனை 918402. ஒரு வாசகர் 771015-இல் நின்றார். அந்தச் செயலி எண்ணைப் பிஎஸ் கட்டளையில் போட்டுப் பார்த்தேன். 9 நாளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்லாப்கேட்.

அது எங்கள் இரவுப் பக்கப். ஸ்லாப்கேட்டின் வெளியீட்டை நேராக எஸ்எஸ்எச் வழியாக முல்லைத்தீவுக் கிளைக்கு அனுப்பும்படி எழுதியிருந்தோம். மழையில் அந்தப் பக்க இணைப்பு விழுந்திருக்கிறது. எஸ்எஸ்எச் சாகாமல் தொங்கியது, ஸ்லாப்கேட்டும் அதன் பின்னால் தொங்கியது. ஸ்லாப்கேட் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வாசிப்புப் பரிவர்த்தனையைப் பிடித்திருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஸ்லாப்கேட்டைச் சாதாரணச் சைகையால் நிறுத்தினேன். வாசகர் அட்டவணையை மறுபடி பார்த்தேன், அந்த வரி போய்விட்டது. மாங்குளத்துக்கு எடுத்து "இப்ப அடிச்சுப் பாரும் தம்பி" என்றேன். பாஸ்வேர்ட் மாறியது. சேர்வரை நிறுத்தவும் இல்லை, ஒரு கோப்பை அழிக்கவும் இல்லை.

செயலி ஏற்கெனவே செத்திருந்தும் வரி நிற்பதுண்டு, கில் 9 போட்டு வலுக்கட்டாயமாக நிறுத்தினால் அப்படி நடக்கும். ஆர் எழுத்தை இரண்டு தரம் அடித்து ஓட்டினால் செத்த வாசகர்கள் துடைக்கப்படுவார்கள். ஸ்லாப்டியே ஒரு பெரிய தேடலில் நின்றிருந்தால் ஆர்டிஎக்ஸ்என்சைஸ் என்ற அமைப்பைப் பாருங்கள். ஒரு வாசிப்புப் பரிவர்த்தனையில் அதிகபட்சம் எத்தனை பதிவு என்பதை அது சொல்லும், இயல்பு மதிப்பு 10000.

இன்னொன்று. எம்டிபியின் மேப் அளவுக்கு இயல்பு மதிப்பு 10485760, அதாவது வெறும் 10 மெகாபைட். அமைப்பில் மேக்ஸ்சைஸ் போடாமல் விட்டவருக்கு வாசகர் யாரும் இல்லாமலே மேப் நிரம்பும். தாராளமாகப் போடுங்கள்.

படி 5: அக்செஸ்லொக் துப்புரவு ஏன் நடக்கவில்லை

அக்செஸ்லொக்கைச் சுத்தம் செய்வது லொக்பேர்ஜ் வரி. "07+00:00 01+00:00" என்று எழுதினால், 7 நாளுக்கு முந்தியதை அகற்று, நாளுக்கொரு தரம் பார் என்று பொருள். கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பதுதான் நாள். "07:00" என்று மட்டும் எழுதினால் அது 7 மணித்தியாலம். அப்படி எழுதியவரின் நகல் சேர்வர் ஒவ்வொரு இரவும் வழி தவறும்.

வரி சரியாக இருந்தும் சுத்தமாகவில்லையா? முதலில் ரெக்ஸ்டார்ட் என்ற பண்புக்குச் சமன் வகைச் சுட்டி (இன்டெக்ஸ்) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவுகளைச் சேர்வர் அந்தப் பண்பை வைத்துத்தான் தேடுகிறது. சுட்டி இல்லாவிட்டால் லட்சக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும், துப்புரவு முடிவதற்குள் புதியவை குவிந்துவிடும். ஸ்லாப்டி கொன்பிக் கோப்பில் சுட்டி சேர்ப்பவர்கள், சேர்வரை நிறுத்தி, அதன் பயனராகவே ஸ்லாப்இன்டெக்ஸ் ஓட்ட வேண்டும்.

பலரைக் குழப்புவது அடுத்தது. அக்செஸ்லொக்கின் மேப் முழுதாக நிரம்பிவிட்டால் துப்புரவும் தோற்கும். ஒரு பதிவை அழிப்பதும் தரவுத்தளத்தில் எழுதுவதுதான், வேரிலிருந்து இலை வரை உள்ள பக்கங்களை நகல் எடுக்க வெற்றுப் பக்கம் வேண்டும். அறைக்குள் இருக்கும் மூட்டையை வெளியே எடுக்கக் கதவைத் திறக்க வேண்டும், கதவுக்கு முன்னாலும் மூட்டை அடுக்கியிருந்தால் எப்படித் திறப்பது? இங்கே மேக்ஸ்சைஸைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 1 ஜிகாபைட் இருந்தால் 2 ஆக்குங்கள். அமைப்புத் தரவுத்தளம் தனியாக எல்டிஐஎஃப் என்ற எழுத்துக் கோப்புகளில் இருப்பதால், டிஸ்கில் இடமிருக்கும் வரை இந்த மாற்றம் எடுபடும். கூட்டிய பிறகு அடுத்த துப்புரவு தானாக ஓடும். முதல் தரம் குவிந்ததெல்லாம் அழியும் என்பதால் டிஸ்க் கடுமையாக உழைக்கும், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின் விடுங்கள்.

சேர்வரின் மணிக்கூட்டையும் பாருங்கள். தாய்ப்பலகையின் பற்றரி செத்து, கரண்ட் வெட்டில் நேரம் குழம்பி, அடுத்த வருடத் திகதியில் சில பதிவுகள் எழுதப்பட்டிருந்தால் அவை அடுத்த வருடம் வரை "பழையவை" ஆகாது. நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி ஓடுகிறதா, எழும்பும்போது ஸ்லாப்டிக்கு முன் நேரம் சரியாகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

எத்தனை நாள் வைப்பது? உங்கள் கிளையின் இணைப்பு ஆகக்கூடியது எத்தனை நாள் விழுந்து கிடந்திருக்கிறது என்று யோசித்து அதற்கு மேலே வையுங்கள். நகல் சேர்வர் கடைசியாக வாங்கிய மாற்றம் அக்செஸ்லொக்கில் இல்லாமல் போனால், அது மாற்றங்களை மட்டும் வாங்கும் டெல்டா முறையை விட்டு முழுப் புதுப்பிப்புக்குப் போகும். ஃபோர்ஜி ரூட்டரில் தொங்கும் கிளைக்கு அது பாரம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாட்டை நினைத்து நான் 14 நாள் வைத்திருக்கிறேன்.

படி 6: மேலே ஆறு எவ்வளவு கொண்டுவருகிறது

துப்புரவு சரியாக நடந்தும் பெருகினால், எழுதுபவர் யார் என்று தேடுங்கள். அக்செஸ்லொக்கில் எதைப் பதிவது என்று சொல்லும் லொக்ஒப்ஸ் "ஓல்" என்றிருந்தால் ஒவ்வொரு தேடலும் பதிவாகும், நகலெடுப்புக்கு "ரைட்ஸ்" போதும். பழைய மதிப்புகளையும் சேமிக்கும் லொக்ஓல்ட் போட்டு, கணக்குகளில் படமும் வைத்திருந்தால் ஒரு படத்தை மாற்றும்போது இரண்டு படம் பதிவில் ஏறும்.

அக்செஸ்லொக்கையே எல்டாப்சேர்ச்சால் வாசித்து, எந்தக் கணக்கு அதிகம் மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்களிடம் ஒரே ஒரு ஆசிரியரின் கணக்கு நாள் முழுக்க மாறிக்கொண்டிருந்தது. அவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, வீட்டில் கிடந்த பழைய போனை மறந்துபோய் அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். அது பழைய பாஸ்வேர்டோடு வைஃபையில் ஏற ஓயாமல் முயன்றது. கடவுச்சொல் கொள்கை போட்டிருக்கும் சேர்வரில் ஒவ்வொரு தவறான முயற்சியும் கணக்கில் ஒரு நேரக்குறிப்பாக எழுதப்படும். போனில் அந்த வைஃபையை மறக்கச் சொன்னதும் நின்றுவிட்டது. கடைசி லொகினைக் குறிக்கும் லாஸ்ட்பைன்ட் போட்டவர்களுக்கும் இதே கதைதான், சரியான லொகினுக்கும் ஒரு தரம் எழுதப்படும். பிந்திய பதிப்புகளில் எத்தனை விநாடிக்கு ஒரு தரம் குறித்தால் போதும் என்று கட்டுப்படுத்தலாம்.

படி 7: சுத்தமான பின்னும் கோப்பு சிறுக்கவில்லை

சிறுக்காது. அகற்றிய பக்கங்கள் உள்ளேயே வெற்றாக நின்று மறுபடி பயன்படும். டிஸ்கில் இடம் உண்மையாகவே வேண்டுமென்றால் மட்டும் சுருக்குங்கள். ஸ்லாப்டியை நிறுத்தி, எம்டிபி கொப்பியைச் சிறிய சி சேர்த்து, புதிய வெற்று அடைவுக்கு ஓட்டுங்கள். பழையதைப் பெயர் மாற்றி வைத்துவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வையுங்கள்.

தொடங்க முன் உரிமையைப் பாருங்கள். ரூட்டாக ஓட்டியிருந்தால் கோப்பு ரூட்டின் பெயரில் இருக்கும், ஸ்லாப்டியோ டெபியனில் ஓப்பன்எல்டாப் என்ற பயனராகவும் ரெட்ஹாட் வழியில் எல்டாப் என்ற பயனராகவும் ஓடும். பேர்க்லி டிபி பெட்டிகளில் ரூட்டாக டிபி ரிகவர் ஓட்டிவிட்டு, அதன் பிறகு துப்புரவு நிற்பதற்கும் இதுதான் காரணம். அடைவையே வேறு டிஸ்குக்கு மாற்றினால் உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவல் தடுக்கும், ரெட்ஹாட்டில் அதே வேலையைச் செய்யும் எஸ்இலினக்ஸின் முத்திரை இடவேண்டும்.

ஓப்பன்எல்டாப்புக்குப் பதிலாக 389 டிரெக்டரி சேர்வர் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்களுக்குக் குறிப்பாக ஒன்று. நிரந்தரமாகக் கழற்றிய ஒரு நகல் சேர்வரின் எண், எந்தச் சேர்வரின் மாற்றம் எதுவரை வந்தது என்று குறிக்கும் ஆர்யூவி பட்டியலில் மிச்சமிருந்தால் மாற்றப் பதிவு வெட்டுப்படாமல் நிற்கலாம். கிளீன்ஓல்ஆர்யூவி பணியை ஓட்டி அதை எடுத்துவிடுங்கள். அழித்த பதிவுகளின் எச்சங்கள் 604800 விநாடி, அதாவது 7 நாள், இயல்பாகவே நிற்கும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

படி 8: பக்கப்பை மாற்றி எழுதுங்கள், காவலும் போடுங்கள்

எங்கள் இரவு வேலையை அன்றே மாற்றினேன். ஸ்லாப்கேட் இப்போது உள்ளூர் டிஸ்கில் ஒரு கோப்புக்கு எழுதுகிறது, சில விநாடியில் முடிகிறது. டைம்அவுட் கட்டளை அதை 10 நிமிடத்துக்கு மேல் ஓட விடாது. அது முடிந்த பிறகு, வேறு ஒரு வேலையாக ஆர்சிங்க் அந்தக் கோப்பை முல்லைத்தீவுக்குக் கொண்டுபோகிறது. இணைப்பு விழுந்தால் ஆர்சிங்க் தொங்கட்டும், தரவுத்தளத்தை அது தொடாது.

மணிக்கொரு தரம் ஓடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் மூன்றைப் பார்க்கிறது. பயன்படுத்திய பக்கங்களில் வெற்றானவற்றைக் கழித்தால் மேப்பில் 70 சதவீதத்தைத் தாண்டுகிறதா, ஆகப் பழைய வாசகருக்கும் கடைசிப் பரிவர்த்தனைக்கும் இடைவெளி 5000-ஐத் தாண்டுகிறதா, அக்செஸ்லொக்கின் ஆகப் பழைய பதிவுக்கு 15 நாளுக்கு மேல் வயதா. ஒன்று தாண்டினாலும் எனக்கும் மாங்குளத்துத் தம்பிக்கும் எஸ்எம்எஸ் வரும். இடைவெளி எண்ணை உங்கள் சேர்வரில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் எழுதப்படுகிறது என்று பார்த்து நீங்களே வையுங்கள். எங்களுக்கு 5000 என்பது அரை நாளுக்கும் குறைவு.